பழைய ஊர்தியைப் புதுப்பித்தல்

திருச்செங்கோடு என்றவுடன் செந்நிற மலையும், அதன்மீது கோயில் கொண்டருளும் அர்த்தநாரீசுவரரும் நினைவுக்கு வருவர். அவ்வூருக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. பிற மாநிலங்களுக்கும் சென்று ஆழ்துளைக் கிணறு அமைக்கும் 'ரிக்' லாரிகள் மிகப் பல அவ்வூரைச் சேர்ந்தவை. நெடுநாள் உழைத்துத் தேய்ந்த அத்தகைய ஊர்திகளைச் செப்பனிடுதலும் ஒரு சிறந்த தொழிலேயாகும்.

ரிக் லாரிக்குத் துரு தீராப் பகை. துளையிடும்பொழுது அழுத்தக் காற்றின் விசையால் சேறும் நீரும் மேலெழுந்து தெறிக்கும். அச்சேறு, 'சேஸிஸ்' எனப்படும் அடிச்சட்டத்தின் இடுக்குகளிற் படிந்து ஈரத்தைத் தேக்கி வைக்கும். இரும்பும் நீரும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் கூடினால் துரு தோன்றும். அலுமினியத்தின்மேல் உண்டாகும் ஆக்சைடுப் படலம் அவ்வுலோகத்துக்குக் கவசமாக அமையும். இரும்பின் துருவோ நுண்துளைகள் உடையது. ஈரத்தை உள்ளே விடுவது. இரும்பைவிட மிகுதியான இடத்தை அது அடைத்துக்கொள்வதால், மேலுள்ள வண்ணத்தைப் பெயர்த்துவிட்டு மேலும் பரவும்.

புதுப்பிப்போர் முதலிற் சேற்றைக் கழுவி, சட்டத்தைச் சுத்தியலால் மெல்லத் தட்டிப் பார்ப்பர். நல்ல இரும்பு கணீரென ஒலிக்கும்; அரிப்புண்டது மங்கிய ஓசை தரும். துரு மேலோடு நின்றிருப்பின், கம்பித் தூரிகையாலும் உப்புத்தாளாலும் அதனை அறவே தேய்த்து, உடனே 'பிரைமர்' என்னும் முதற்பூச்சு இடுவர். தகடு செல்லரித்தாற்போல் ஆகியிருப்பின், அப்பகுதியை வெட்டி நீக்கிப் புதுத் தகட்டைப் பற்றவைப்பர். துருவின்மேல் 'பட்டி' பூசி வண்ணம் தீட்டுவது, புண்ணை ஆற்றாமல் பட்டுத்துணியால் மூடுவது போன்றதாகும். பாரம் ஏற்றிய லாரியின் சட்டம் வழியில் முறியுமாயின், அதிற் செல்வோர் உயிருக்கே கேடு நேரும்.

அடுத்துக் கவனிக்கத்தக்கது 'டர்போ' என்னும் உறுப்பு. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூச்சி 1905ஆம் ஆண்டிலேயே இதன் அடிப்படைக்குக் காப்புரிமை பெற்றார். எஞ்சினிலிருந்து வீணே வெளியேறும் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றும். அதே அச்சில் உள்ள மற்றொரு சக்கரம் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்தும். காற்று மிகுந்தால் எரிபொருளும் மிகுதியாக எரியும்; ஆற்றல் பெருகும். காருக்கும் லாரிக்கும் இம்முறை பொதுவே.

அச்சக்கரங்கள் நிமிடத்துக்கு ஓர் இலட்சம் முறைக்கு மேலும் சுழலக்கூடியவை. அச்சினைத் தாங்குவது மெல்லிய எண்ணெய்ப் படலமே. ஆதலால், நெடுங்காலம் நின்றிருந்த ஊர்தியில் எண்ணெய் செல்லும் வழியைத் தூய்மை செய்து, புது எண்ணெய் ஊற்றிய பின்னரே எஞ்சினை இயக்குதல் வேண்டும். நெடுந்தொலைவு ஓடிவந்த வண்டியைச் சட்டென அணைத்தலும் தவறு. எண்ணெய் ஓட்டம் நின்றுவிட, சூட்டினால் எஞ்சிய எண்ணெய் கருகி அச்சைப் பற்றிக்கொள்ளும். சிறிது நேரம் மெல்ல ஓடவிட்டு நிறுத்துதலே முறை.

ஊர்தியின் உயிர்நிலைகள் பிறர் கண்ணுக்குப் புலப்படாத இடங்களிலேயே உள்ளன. அவற்றைச் செப்பமாக முடித்த பின்னர் வண்ணம் பூசுபவனே நல்ல தொழிலாளி.