ஆற்றின் நலத்தைச் சொல்லும் மீன்குஞ்சுகள்



ஜொகூரில் வாழும் நமக்கு ஆறு என்றதும் முதலில் நினைவுக்கு வருவது வீட்டுக் குழாயில் வரும் தண்ணீர்தான். ஜொகூர் ஆற்று நீரை நாமும் குடிக்கிறோம்; 1962ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி நாளொன்றுக்கு 25 கோடி கேலன் வரை சிங்கப்பூரும் எடுத்துக்கொள்ளலாம். அப்படிப்பட்ட ஓர் ஆறு நலமாக இருக்கிறதா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

சுற்றுச்சூழல் இலாகா ஆற்று நீரில் 6 அம்சங்களைச் சோதிக்கிறது. கரைந்திருக்கும் பிராணவாயு, நுண்ணுயிர்கள் கழிவைச் சிதைக்கத் தேவைப்படும் பிராணவாயு, ரசாயன முறையில் சிதைக்கத் தேவைப்படும் பிராணவாயு, அம்மோனியா, மிதக்கும் கசடு, அமில காரத் தன்மை ஆகியவையே அவை. இவற்றைக் கொண்டு 100க்கு மதிப்பெண் போடுகிறார்கள். 81க்கு மேல் என்றால் சுத்தமான ஆறு, 60 முதல் 80 வரை சற்றே மாசடைந்தது, 59க்குக் கீழ் மாசடைந்த ஆறு.

இது பயனுள்ள சோதனைதான். ஆனால் குப்பியில் நீர் எடுத்த அந்த நேரத்து நிலைமையை மட்டுமே அது சொல்லும். நள்ளிரவில் யாரோ கழிவைக் கொட்டிவிட்டுப் போனால், அடுத்த வாரம் எடுக்கும் நீரில் அதன் அடையாளம் இல்லாமல் போகலாம். 2019 மார்ச்சில் பாசிர் கூடாங் கிம் கிம் ஆற்றில் ரசாயனக் கழிவு கொட்டப்பட்டு, 111 பள்ளிகள் மூடப்பட்டதை நாம் மறந்துவிடவில்லை. ஆற்றுக்குள் இரவும் பகலும் இருந்து பார்க்கும் சாட்சி ஒன்று வேண்டும். அந்தச் சாட்சி மீன்குஞ்சு.

ஏன் பெரிய மீன் போதாது?

பெரிய மீன் வேறிடத்திலிருந்து நீந்தி வந்திருக்கலாம். பல ஆண்டுகளுக்கு முன் பிறந்ததாகவும் இருக்கலாம். குஞ்சு அப்படியல்ல. ஓரிடத்தில் குஞ்சு இருக்கிறது என்றால், தாய் மீன் அங்கே வர வழி இருந்தது, முட்டையிடக் கூழாங்கல் தரை இருந்தது, சேறு படிந்து முட்டை மூச்சுத் திணறவில்லை, பொரித்த குஞ்சுக்கு இரையும் கிடைத்தது என்று பொருள். இத்தனை செய்திகளையும் ஒரு விரலளவு குஞ்சு சுமந்து வருகிறது.

சால்மன், டிரவுட் மீன்கள் வாழும் நாடுகளில் இதை நன்கு உணர்ந்திருக்கிறார்கள். ஸ்காட்லாந்தின் கிர்னாக் ஓடையில் 1966 முதல் சால்மன் மீன்களைக் கணக்கெடுத்து வருகிறார்கள்.

கணக்கெடுக்கும் முறை எளிமையானது. ஓடையில் 50 மீட்டர் நீளத்தை அளந்து இரு முனையிலும் வலை கட்டுகிறார்கள். நீரில் அளவான மின்சாரம் பாய்ச்சும்போது மீன்கள் சில விநாடி மயங்குகின்றன. அவற்றைக் கைவலையால் அள்ளி, வாளியில் விட்டு, நீளம் அளந்து, சில செதில்களை எடுத்துக்கொண்டு, வேலை முடிந்ததும் ஆற்றிலேயே விட்டுவிடுகிறார்கள்.

எல்லா மீனையும் பிடிக்க முடியாதே என்று நீங்கள் கேட்கலாம். அதற்கும் வழி உண்டு. முதல் சுற்றில் 60 குஞ்சு கிடைத்தது, அவற்றை வாளியிலேயே வைத்துக்கொண்டு செய்த இரண்டாம் சுற்றில் 30 கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு சுற்றிலும் இருப்பதில் பாதி அகப்படுகிறது என்று தெரிகிறது. ஆகவே மொத்தம் 120 குஞ்சுகள். ஓடையின் அகலம் 3 மீட்டர் என்றால், 100 சதுர மீட்டருக்கு 80 குஞ்சுகள். ஒவ்வோர் ஆண்டும் அதே இடத்தில், அதே மாதத்தில் இப்படி எண்ணினால் ஆற்றின் போக்கு விளங்கிவிடும்.

நீளத்தையும் செதில் வளையத்தையும் பார்த்தால் வயது தெரியும். போன ஆண்டுக் குஞ்சு இருந்து இந்த ஆண்டுக் குஞ்சு இல்லையென்றால், இந்தப் பருவத்தில் ஏதோ தவறிவிட்டது. கீழ்ப்பகுதியில் ஏராளமாக இருந்து மேற்பகுதியில் ஒன்றுமே இல்லையென்றால், நடுவே உள்ள தடுப்பைச் சந்தேகிக்க வேண்டும்.

காவிரி தரும் பாடம்

குஞ்சுகளைக் கவனிக்காவிட்டால் என்ன ஆகும்? காவிரியைப் பாருங்கள். அந்த ஆற்றுக்கே உரிய கூன்முதுகு மகசீர் மீன் 50 கிலோவுக்கும் மேல் வளரக்கூடியது. கர்நாடகப் பகுதியில் தூண்டில்காரர்கள் 1998 முதல் 2012 வரை குறித்து வைத்த பதிவுகளை ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்தார்கள். கூன்முதுகு மீன் அகப்படுவது குறைந்துகொண்டே வந்தது. அகப்பட்ட மீனின் எடையோ கூடிக்கொண்டே போனது. பெரிய மீன் கிடைத்தால் தூண்டில்காரருக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அதன் உண்மைப் பொருள், சிறிய மீன்கள் வரவில்லை என்பதே. கிழவர்கள் மட்டும் மிஞ்சிய கிராமம் போல அந்த இனம் ஆகிக்கொண்டிருந்தது. 2018இல் அது மிகவும் அருகிவிட்ட இனம் என்று அறிவிக்கப்பட்டது.

இதில் இன்னொரு வேதனையும் உண்டு. மீன்வளத்தைப் பெருக்கும் நல்லெண்ணத்தில் பொரிப்பகத்திலிருந்து காவிரியில் விடப்பட்ட குஞ்சுகள் வேறு வகை மகசீர். அவை பெருகின, ஆற்றின் சொந்தப் பிள்ளை குறைந்தது.

நம் ஆறுகளில்

மகசீரின் உறவினர்தான் நம் நாட்டுக் கெலா. தெளிந்த, வேகமாக ஓடும் மேலாற்று நீரை விரும்பும் மீன், மெதுவாக வளர்வது, விலையும் அதிகம். ஜொகூரில் எண்டாவ்-ரோம்பின் காட்டு ஆறுகள் அதன் இருப்பிடம். மலாயா இயற்கைக் கழகம் 1985-86இல் அந்தக் காட்டில் பெரிய ஆய்வுப் பயணம் மேற்கொண்டது. 1993இல் ஜொகூர் பகுதி தேசியப் பூங்காவாக அரசிதழில் இடம்பெற்றது.

ஸ்காட்லாந்து முறையை இங்கே அப்படியே பின்பற்ற முடியாது. மின்சாரம் பாய்ச்சி மீன் பிடிப்பதை 1985 மீன்வளச் சட்டம் தடை செய்கிறது; ஆய்வுக்கு என்றாலும் முறையான அனுமதி வேண்டும். உப்பு குறைந்த காட்டு நீரில் மின்சாரம் சரிவரப் பாய்வதுமில்லை. குளிர்காலம் இல்லாததால் செதில் வளையமும் தெளிவாக விழாது. ஆனால் வலை வீசி நீளம் அளக்கலாம். தெளிந்த நீரில் மூழ்கி எண்ணலாம். ஒரு லிட்டர் நீரை வடிகட்டி, அதிலுள்ள மரபணுத் துகளைக் கொண்டு அங்கே எந்த மீன் வாழ்கிறது என்று கண்டுபிடிக்கும் முறையும் வந்துவிட்டது. ஆனால் அது குஞ்சா, கிழடா என்பதை அந்த முறை சொல்லாது. அதற்குக் கண்ணும் அளவுகோலும் வேண்டும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து நீர் தெளிந்ததும், ஆண்டுதோறும் ஒரே மாதத்தில் செய்வதே முக்கியம். எண்டாவ் கரையில் கம்போங் பெத்தாவில் வாழும் ஜக்கூன் பூர்வகுடியினர் ஆற்றை அறிந்தவர்கள். அவர்களையும் இதில் சேர்த்துக்கொண்டால் பலன் பெருகும்.

ஆற்றில் மீன்குஞ்சு விடும் நிகழ்ச்சிகளை நாம் பார்க்கிறோம். நல்ல காரியம்தான். ஆனால் எத்தனை ஆயிரம் குஞ்சு விட்டோம் என்பதோடு கணக்கை முடித்துவிடக் கூடாது. அவற்றில் எத்தனை பிழைத்தன, ஆற்றிலேயே புதிதாக எத்தனை பிறந்தன என்பதையும் அடுத்த ஆண்டு போய்ப் பார்க்க வேண்டும்.

மேலாற்றில் காடு அழிந்து செம்மண் இறங்கினால் முதலில் மூச்சு முட்டுவது கூழாங்கல் இடுக்கிலுள்ள முட்டைக்கு. அதே சேறுதான் பிறகு நம் குடிநீர் ஆலைக்கு வருகிறது. மீன்குஞ்சை எண்ணுவது மீனுக்காக மட்டுமல்ல. நம் பிள்ளைகள் குடிக்கப்போகும் நீருக்காகவும்தான்.