இடுப்பின் அசைவும் அளவையின் நம்பகமும்

திடலிலிருந்து திரும்பும் மாணவன் ஒருவன் "இடுப்பு வலிக்கிறது" என்று சொன்னால், அவன் கை எங்கே இருக்கிறது என்று பார்த்த பிறகே நமக்குப் பொருள் விளங்கும். கச்சை கட்டும் இடத்தை இடுப்பு என்கிறோம். குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்ளும் பக்கத்தையும் இடுப்பு என்கிறோம். பேச்சுவழக்கில் முதுகின் அடிப்பகுதியும் இடுப்புத்தான். உடலியலார் இடுப்பு மூட்டு என்று குறிப்பது இம்மூன்றில் எதுவுமன்று. தொடையெலும்பின் உருண்டைத் தலை இடுப்பெலும்பின் கிண்ணக்குழியில் பொருந்தும் இடம் அது. தசைகளுக்குள் ஆழ்ந்து கிடப்பதால், அங்கே எழும் வலியைப் பெரும்பாலோர் தொடையிடுக்கில் உணர்வர். வளரும் பிள்ளைகளிடம் சில வேளைகளில் அது முழங்கால் வலியாகவே வெளிப்படும். விரலால் தொட்டுக் காட்ட முடியாத அம்மூட்டின் அசைவை இன்று கருவிகள் பாகைக் கணக்கில் சொல்கின்றன. இளம் விளையாட்டாளர்களைப் பற்றிய அவ்வெண்களை எவ்வளவு நம்பலாம் என்பதே இவ்வுரையின் வினா. மொழியியல் கற்ற நமக்கு இங்கென்ன வேலை என்று கேட்பவர்க்கு விடை இடையில் வரும்.

அசைவுப் பதிவு புதிய எண்ணமன்று. பிரெஞ்சு உடலியலறிஞர் எத்தியென் ழூல் மாரே 1880களிலேயே, கறுப்புடை உடுத்தியவரின் கை கால்களில் வெண்கோடுகள் இட்டு, அவை நகர்வதை ஒரே தட்டில் தொடர்படமாக எடுத்தார். இன்று அக்கோடுகளுக்கு மாறாக, ஒளியைத் திருப்பியனுப்பும் சிறு உருண்டைகளைத் தோலின்மேல் ஒட்டுகின்றனர். அறையைச் சுற்றி நிற்கும் அகச்சிவப்புப் படக்கருவிகள் நொடிக்கு நூறு, இருநூறு முறை படம் எடுத்து, ஒவ்வோர் உருண்டையும் எங்குள்ளது எனக் கணிக்கின்றன. செவ்வனே ஒழுங்குபடுத்திய ஆய்வறையில் இக்கணிப்பின் பிழை ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரே. பலரும் மயங்கும் இடம் இதுதான். அந்தத் துல்லியம் உருண்டைக்கு உரியது; எலும்புக்கு உரியதன்று.

உருண்டையை ஒட்டுவது மனிதக் கை. இடுப்பெலும்பின் முன்முனைகளையும் பின்முனைகளையும் விரலால் தடவிக் கண்டு, அங்கே ஒட்ட வேண்டும். ஒருவர் ஒட்டிய இடத்துக்கும் மற்றவர் ஒட்டிய இடத்துக்கும் இடைவெளி விழும். ஒருவரே நாளை ஒட்டினாலும் விழும். அடுத்து, தொடையில் ஒட்டிய உருண்டை எலும்போடு செல்வதில்லை. தோலும் கொழுப்பும் தசையும் எலும்பின்மேல் வழுக்குகின்றன. உடலில் இவ்வழுக்கல் மிகுந்த இடம் தொடையே, அங்கு அது சென்டிமீட்டர்க் கணக்கில் போகக்கூடும். ஓடும்போதும் குதிக்கும்போதும் இன்னும் மிகும். இறுதியாக, மூட்டின் நடுப்புள்ளியை எவரும் பார்ப்பதில்லை. இடுப்பெலும்பின் அகலம், காலின் நீளம் போன்றவற்றைக் கொண்டு வாய்பாட்டால் ஊகிக்கின்றனர். அல்லது காலைச் சுழற்றச் சொல்லி, அச்சுழற்சியின் மையத்தைக் காண்கின்றனர். வளரும் பருவத்தில் ஆறு மாதத்தில் காலின் நீளமே மாறிவிடும். பழைய அளவை வைத்துக்கொண்டு புதிய உடலைக் கணிப்பது, சென்ற தீபாவளிக்கு எடுத்த அளவில் இவ்வாண்டுச் சட்டையைத் தைப்பதாகும்.

இனி நம் துறை. முனைவர்ப் பட்ட ஆய்வின்போது உயிரொலிகளின் கால அளவை ஒலியலைப் படத்தில் கோடிட்டு அளந்தோம். உயிரை அடுத்து வல்லினம் வந்தால் எல்லை கத்தியால் வெட்டினாற்போல் தெரியும். யகரமோ வகரமோ வந்தால் உயிர் எங்கு முடிகிறது என்பது கண்ணுக்குப் பிடிபடாது. மூன்று திங்கள் கழித்து அதே பதிவுகளை மீண்டும் அளந்தபோது, வல்லினத்தின் முன் இட்ட கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தின. யகரத்தின் முன் இட்டவை பொருந்தவில்லை. ஓர் இயல் முழுவதையும் திருத்தி எழுத நேர்ந்தது. கருவி ஒன்றே, அளந்தவரும் ஒருவரே. ஆயினும் நம்பகம் இடத்துக்கு இடம் வேறுபட்டது. இடுப்பு மூட்டிலும் நிலைமை இதுவே.

இடுப்பு மூட்டு மூவகையாய் அசையும்: முன்பின்னாக மடங்கி நீளும், பக்கவாட்டில் விலகி ஒடுங்கும், தன் அச்சில் உட்புறமும் வெளிப்புறமும் சுழலும். நடையளவை பற்றிய ஆய்வுகளை ஒருங்கே வைத்து மதிப்பிட்ட ஒரு கட்டுரை 2009இல் வெளிவந்தது. மீண்டும் அளக்கும்போது முன்பின் அசைவின் அளவுகள் நன்கு ஒத்துவருகின்றன என்றும், இடுப்பு, முழங்கால் ஆகியவற்றின் சுழற்சி அளவுகளே மிகவும் தடுமாறுகின்றன என்றும் அது காட்டியது. பெரும்பாலான பிழைகள் 5 பாகைக்குள் அடங்கின. அது நடைக்கு உரிய முடிவு. உதைக்கும், தாவும், சட்டெனத் திரும்பும் உடலுக்கு அதை அப்படியே பொருத்தல் கூடாது.

இளையோரைப் பொறுத்தவரை நாம் பெரிதும் அறிய விரும்புவது அந்தச் சுழற்சியைத்தான் என்பதே இடர்ப்பாடு. வளரும் வயதில் காற்பந்து, பனி ஹாக்கி போன்றவற்றை மிகுதியாய் ஆடுவோரிடம், தொடையெலும்பின் தலையும் கழுத்தும் சேருமிடத்தில் எலும்பு புடைத்துவிடுவது கூடுதலாகக் காணப்படுகிறது. அப்புடைப்பு முதலில் குறுக்கக்கூடியது, மடங்கிய நிலையில் உள்ள காலின் உட்சுழற்சியை. நம் நாட்டுத் திடல்களிலோ செப்பாக் தக்ராவ் உண்டு. பெயரிலேயே பாதி மலாய், பாதி தாய்மொழி. தாய்மொழி என்று நாம் இங்குச் சொல்வது தாய்லாந்தின் மொழியை! பாதத்தின் உட்புறத்தால் பந்தைத் தட்டியெழுப்பும் 'சிலா' உதையில், இடுப்பு மூட்டு மடங்கி, விலகி, வெளிச்சுழல வேண்டும். மூன்று அசைவும் ஒருங்கே நிகழும் அந்த நொடியில் தொடைத்தோலும் மிகுதியாய் வழுக்குகிறது.

நம்பகத்தை எண்ணாகத் தெரிவிக்கும்போது பெரும்பாலும் ஒட்டுறவுக் கெழு ஒன்றைத் தருவர்; 1ஐ நெருங்கினால் நன்று என்பர். இதில் ஒரு பொறி உண்டு. உடல் வளைக்கும் சீருடற்பயிற்சி மாணவியையும் இறுகிய தசையுள்ள காற்பந்து மாணவனையும் ஒரே குழுவில் சேர்த்தால், ஆட்களுக்கிடையே வேற்றுமை பெரிதாகி, அளவை அதுவேயாயினும் கெழு உயர்ந்துவிடும். வகுப்பில் மிகத் திறமையானவரும் மிகப் பின்தங்கியவரும் மட்டும் இருந்தால், எந்த ஆசிரியர் திருத்தினாலும் தரவரிசை மாறாதன்றோ? ஆகையால் பாகையிலேயே சொல்லப்படும் அளவைப் பிழையை நாம் கேட்டுப் பெற வேண்டும். அப்பிழை 3 பாகை என வைத்துக்கொள்வோம். இரண்டு அளவைகளை ஒப்பிடும்போது இரண்டிலும் பிழை உண்டு. எனவே அதை 2இன் வர்க்கமூலத்தாலும், 95 விழுக்காட்டு உறுதிக்காக 1.96ஆலும் பெருக்குவர். விடை ஏறத்தாழ 8 பாகை. அதற்குக் குறைந்த வேறுபாடு உண்மை மாற்றமா, அளவையின் ஆட்டமா என்று பிரித்தறிய இயலாது.

ஆசிரியர்கள் தேர்வியலில் நம்பகம் வேறு, ஏற்புடைமை வேறு என்று படித்திருப்பீர்கள். அவ்வேறுபாடு இங்கும் உண்டு. ஊடுகதிர்ப் படத்தில் எலும்பையே கண்டு ஒப்பிட்ட ஆய்வுகள், தோல்மேல் ஒட்டிய உருண்டைகள் இடுப்பின் சுழற்சியைக் குறைத்தே காட்டுகின்றன என்று கண்டன. ஒவ்வொரு முறையும் ஒரே அளவு குறைத்துக் காட்டும் கருவி நம்பகம் உடையது, ஆனால் ஏற்புடையதன்று. இரண்டையும் 'துல்லியம்' என்ற ஒரே சொல்லுக்குள் அடைக்கும் நம் செய்தி நடை இவ்விடத்தில் உதவாது.

உருண்டையே இல்லாமல் காணொளியிலிருந்து மூட்டைக் கண்டுபிடிக்கும் மென்பொருள்களும் வந்துவிட்டன. ஒட்டும் கையின் தடுமாற்றம் இவற்றில் இல்லை என்பது மெய். ஆயினும் அவற்றிற் பலவும் மனிதர்கள் படங்களில் 'இடுப்பு இங்கே' என்று புள்ளியிட்டுக் கொடுத்ததிலிருந்து கற்றவை. ஆடைக்குள், தசைக்குள் இருப்பதைக் கண்ணால் ஊகித்து இட்ட புள்ளிகள் அவை. மாணவன் கை வைத்துக் காட்டிய இடத்தை நாம் பார்த்தது போன்றதே இதுவும்.

பள்ளி அணியின் ஆட்டக்காரர் ஒருவருக்கு 'பயிற்சிக்குப் பின் இடுப்புச் சுழற்சி 5 பாகை கூடியது' என்று அறிக்கை வந்தால், பாராட்டுமுன் நாம் கேட்கக்கூடியவை சில. இருமுறையும் உருண்டை ஒட்டியவர் ஒருவரா? இடையில் பிள்ளை வளர்ந்திருந்தால் உடலளவுகளை மீண்டும் எடுத்தார்களா? அவ்வாய்வறையின் பிழை எத்தனை பாகை? மூன்றாம் கேள்விக்கு விடை இல்லையெனில், அந்த 5 பாகையை அப்பிள்ளையின் பயிற்சியை மாற்றவோ, அவனை அணியிலிருந்து நிறுத்தவோ பயன்படுத்த வேண்டாம் என்றே சொல்வோம். தொடையிடுக்கில் வலி என்று அவன் சொல்வானாகில், அறிக்கை என்ன சொன்னாலும் மருத்துவரிடம் அனுப்புங்கள்.