பால்கோவாவா, மாவுக்கோவாவா? நாக்கில் வைத்தால் குட்டு உடையும்!

தளவாய்புரம்—

தையல் மெஷின் சத்தத்தோடு விடிகிற ஊர் தளவாய்புரம். இங்கே தைக்கிற நைட்டி ஊர் ஊராகப் போகிறது. சரக்கு மூட்டையோடு வெளியூர் கிளம்புகிறவர் கையில் இன்னொரு பொட்டலமும் சேர்ந்துகொள்ளும். அது பால்கோவா!

பாக்கி வசூலுக்குப் போனாலும் பால்கோவா. சம்பந்தி வீட்டுக்குப் போனாலும் பால்கோவா. "ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துல இருந்து வர்றீங்க, வெறுங்கையோட வந்திருக்கீங்களே?" என்று கேட்டுவிட்டால் மானம் போய்விடுமே!

ராஜபாளையத்தைத் தாண்டி ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் நின்றதும் ஜன்னல் ஓரம் குரல் கேட்கும். "பால்கோவா... பால்கோவா..." இரண்டு நிமிஷத்துக்குள் பேரம் பேசி, சில்லறை எண்ணி, பொட்டலத்தை வாங்க வேண்டும். ருசி பார்க்க ஏது நேரம்? பஸ் கிளம்பிய பிறகு பிரித்தால்தான் தெரியும், உள்ளே இருப்பது பாலா மாவா என்று!

ஜன்னல் ஓரம் விற்கிறவர் எல்லாரும் ஏமாற்றுக்காரர் அல்ல. வெயிலில் ஓடி ஓடி விற்கிற வயிற்றுப் பிழைப்பு அது. ஆனால் நல்லவர் கூடையையும் மற்றவர் கூடையையும் ஜன்னல் கம்பி வழியாகப் பிரித்துப் பார்க்க முடியாது என்பதுதான் சிக்கல்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

10 லிட்டர் பசும்பால். ஒன்றேகால் கிலோ சீனி. பழைய பக்குவத்தில் சரக்கு இவ்வளவுதான். பெரிய இரும்புச் சட்டியில் ஊற்றி, விறகு அடுப்பில் ஏற்றி, கை ஓயாமல் கிண்ட வேண்டும். கொஞ்சம் அசந்தால் அடிப்பிடிக்கும். அடிப்பிடித்தால் சட்டி மொத்தமும் பாழ்.

பசும்பாலில் 100க்கு 87 பங்கு தண்ணீர். அது ஆவியாகப் போய்விடும். 10 லிட்டரில் மிஞ்சுகிற சத்து ஏறக்குறைய ஒன்றேகால் கிலோ. அதோடு சீனி ஒன்றேகால் கிலோ. ஈரம் கொஞ்சம் நிற்கும். ஆக, இறக்கும்போது 3 கிலோவுக்குச் சற்று மேலே தேறும்.

2023 டிசம்பரில் ஆவினின் பசும்பால் கொள்முதல் விலை லிட்டருக்கு 38 ரூபாய் ஆக்கப்பட்டது. அந்தக் கணக்கில் 10 லிட்டருக்கு 380 ரூபாய். கிலோ பால்கோவாவுக்குப் பால் செலவு மட்டுமே 115 ரூபாயைத் தாண்டும். சீனி, விறகு, கிண்டுகிறவர் கூலி, கடை வாடகை, அட்டைப் பெட்டி எல்லாம் அதற்கு மேலே.

கிலோ 120 ரூபாய்க்கு ஒருவர் கூவிக் கொடுத்தால் என்ன அர்த்தம்? ஒன்று, அவர் தர்மப் பிரபு. இல்லாவிட்டால் உள்ளே இருப்பது வேறு சரக்கு!

அடிபடுவது வாங்குகிறவர் மட்டுமல்ல. விடியற்காலை கேனைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாரே மாட்டுக்காரர், மாவுக்கோவா பெருகினால் அவர் பாலுக்குத்தான் கிராக்கி குறையும்.

மார்க் என்ன?

100 கிராம் வாங்கினால் போதும், பரீட்சை வைத்துவிடலாம்.

முதலில் கண். பாலும் சீனியும் தீயில் வெந்தால் நிறம் சந்தனத்துக்குத் திரும்பும். சுண்ணாம்பு மாதிரி வெளுத்துக் கிடந்தால் யோசிக்க வேண்டும். அடுத்தது விரல். ஒரு துளியை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்தால் பொடிப் பொடியாகத் திரிந்து, நெய் கசிந்து, பால் வாசம் வர வேண்டும். பசை மாதிரி இழுத்தால் சந்தேகம்தான்.

கடைசியில் நாக்கு. நல்ல பால்கோவா முதலில் பாலாக ருசிக்கும், பிறகுதான் சீனி எட்டிப் பார்க்கும். விழுங்கிய பிறகு மேல் அன்னத்தில் மெழுகு பூசினது போல ஒட்டிக் கிடந்தால் வனஸ்பதி கலந்திருக்கலாம். வாய்ச் சூட்டில் அது முழுசாகக் கரையாது.

அன்றைக்கே விறகு அடுப்பில் கிண்டி இறக்கியதற்கு 10க்கு 9 மார்க் தாராளமாகப் போடலாம். லேசான புகை வாசம் கூட அதற்கு ஓர் அழகு. ஒரு மார்க் குறைவது சீனி தூக்கலாக இருப்பதற்கு. காஸ் அடுப்பிலோ நீராவிக் கொப்பரையிலோ செய்தது சுத்தமாக, ஒரே சீராக இருக்கும். புகை மணம் மட்டும் கிடையாது. ஏழரை! ஃபிரிட்ஜில் வைத்து இறுகிப் போனதற்கு 6 தரலாம். பால் பவுடரில் கிண்டியது விஷமில்லை, ஆனால் நாக்கில் மாவு போலப் படரும். அதற்கு 4 மார்க்கே அதிகம். மைதாவும் டால்டாவும் சேர்ந்ததற்கு முட்டை!

டிஞ்சர் பட்டால் நீலம்!

நாக்கை நம்பாதவருக்கு மருந்துக் கடை இருக்கிறது. கொஞ்சம் பால்கோவாவைத் தண்ணீரில் கரைத்துக் கொதிக்கவிட்டு, நன்றாக ஆறிய பிறகு டிஞ்சர் அயோடின் இரண்டு மூன்று சொட்டு விட வேண்டும். நீலமாக மாறினால் மாவு கலந்திருக்கிறது. சோதித்ததைச் சாக்கடையில் கொட்டிவிட வேண்டும், வீணாகிறதே என்று வாயில் போடக்கூடாது.

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. எங்கேயோ கிண்டியதற்கு இந்த ஊர்ப் பெயரைப் பொய்யாக ஒட்டி விற்றால் 6 மாதம் முதல் 3 வருஷம் வரை ஜெயில், 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது புவிசார் குறியீட்டுச் சட்டம். தரம் குறைந்த தின்பண்டத்துக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி 5 லட்சம் ரூபாய் வரை தீட்டலாம். சட்டம் பலமாகத்தான் இருக்கிறது. பஸ் நிற்கிற இரண்டு நிமிஷத்தில் அதை யார் எடுத்துக் காட்டுவது?

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. 2020 அக்டோபர் 1 முதல், தட்டில் வைத்துச் சில்லறையாக விற்கும் இனிப்புக்கும் எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று கடையில் எழுதி வைத்தாக வேண்டும். அட்டை இல்லாவிட்டால், "எப்போ கிண்டினது அண்ணாச்சி?" என்று வாய்விட்டுக் கேட்கலாம். தப்பே இல்லை. மாவு என்று சந்தேகம் வந்தால் பொட்டலத்தையும் பில்லையும் எடுத்துக்கொண்டு உணவுப் பாதுகாப்பு அதிகாரியிடம் புகார் கொடுக்கலாம். பில் இல்லாத பொட்டலத்துக்கு யாரைப் போய்ப் பிடிப்பது?

சாயங்காலம் வாங்கிப் பொதிகை எக்ஸ்பிரசில் ஏறினால் மறுநாள் காலை சென்னை. அதுவரை நல்ல பால்கோவாவுக்கு ஒன்றும் ஆகாது. சூடு ஆறுவதற்கு முன்னால் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு இறுக்கி மூடினால் மட்டும் வியர்த்து, சீக்கிரம் புளிக்கும்.

நேரம் இருக்கிறவர் பஸ்சை விட்டு இறங்கி, ஆண்டாள் கோவில் பக்கம் நடந்துவிடுவது உத்தமம். "கொஞ்சம் ருசி பார்க்கக் குடுங்க" என்று கையை நீட்டினால் நல்ல சரக்கு வைத்திருப்பவர் துண்டுக் காகிதத்தில் வைத்துத் தந்துவிடுவார். தரமாட்டேன் என்றால் அடுத்த கடை. அங்கே கடைக்கா பஞ்சம்?