ஆதார் படத்தின் ‘கேபி’ குறைக்க யாரிடம் கொடுக்கிறீர்கள்?

“அண்ணே, இந்த போட்டோவை 50 கேபிக்குள்ள கொண்டு வந்து குடுங்கண்ணே!”

அட்மிஷன் நேரத்தில் மதுரை பசுமலைப் பக்கம் பிரவுசிங் சென்டர்களில் காதில் விழக்கூடிய கோரிக்கை இது. டி.என்.பி.எஸ்.சி விண்ணப்பத்துக்கு போட்டோ 20 முதல் 50 கேபி, கையெழுத்து 10 முதல் 20 கேபிக்குள் இருக்க வேண்டும். செல்போனில் எடுக்கும் படமோ சாதாரணமாக 4 எம்பி வந்துவிடும். அதாவது, கேட்பதைவிட 80 மடங்கு பெரிது!

அவசரத்தில் கூகுளில் தேடி, முதலில் வரும் தளத்தில் மகளின் போட்டோ, ஆதார், மார்க் ஷீட் என எல்லாவற்றையும் ஏற்றிவிடுகிறோம். அவை எங்கோ இருக்கும் சர்வருக்குப் போய், அங்கே சுருங்கித் திரும்பி வருகின்றன. அங்கிருக்கும் நகல் அழிக்கப்பட்டதா என்று நமக்குத் தெரிய வழியில்லை.

படம் வெளியே போக வேண்டாம்!

இதற்கு மாற்று இருக்கிறது. சில தளங்கள் படத்தை வாங்கிக்கொள்வதில்லை. சுருக்கும் கருவியை நம் பிரவுசருக்கு அனுப்பிவிடுகின்றன. வேலை முழுவதும் நம் கம்ப்யூட்டரிலேயே நடக்கும். கூகுள் குரோம் குழு 2018-ல் வெளியிட்ட ‘ஸ்க்வூஷ்’ இந்த வகைதான். அதில் ஒரு நேரத்தில் ஒரு படம். மொத்தமாகச் சுருக்க ‘பல்க் ரீசைஸ் போட்டோஸ்’ போன்ற தளங்கள் உண்டு.

வாட்ஸ்அப்பில் சுங்குடிச் சேலை விற்பவர்களுக்கும் இது கைகொடுக்கும். 60 சேலைப் படங்கள், தலா 4 எம்பி என்றால் 240 எம்பி. தலா 200 கேபியாகக் குறைத்தால் மொத்தமே 12 எம்பிதான். சுருக்குவதற்காக 240 எம்பி டேட்டாவைச் செலவழித்து ஏற்ற வேண்டியதும் இல்லை.

எப்படிக் கண்டுபிடிப்பது?

‘உங்கள் படம் பாதுகாப்பானது’ என்று எந்தத் தளமும் எழுதிக்கொள்ளலாம். நீங்களே சோதித்துப் பாருங்கள்.

1. தளத்தைத் திறந்து, பூ, மரம் என ஏதாவது சாதாரணப் படத்தைச் சுருக்குங்கள்.

2. இப்போது நெட்டை நிறுத்திவிட்டு, இன்னொரு சாதாரணப் படத்தைப் போடுங்கள். சுருங்கினால், வேலை உங்கள் கம்ப்யூட்டரிலேயே நடக்கிறது என்று அர்த்தம்.

3. ஆதார் போன்றவற்றையும் நெட் இல்லாமலேயே சுருக்கி, சேமித்து, அந்தப் பக்கத்தை மூடிய பிறகு நெட்டைப் போடுங்கள்.

முதலில் அளவு, பிறகு தரம்

தரத்தை மட்டும் குறைத்துக்கொண்டே போனால் முகம் கட்டம் கட்டமாகிவிடும். முதலில் அகலத்தைக் குறையுங்கள். 4,000 பிக்சல் அகலத்தை 400 ஆக்கினால், உயரமும் அதே விகிதத்தில் குறைந்து, மொத்தப் புள்ளிகள் நூறில் ஒரு பங்காகிவிடும். பிறகு தரத்தை லேசாகக் குறைத்தாலே போதும். இழந்த தெளிவு திரும்ப வராது என்பதால் ஒரிஜினலை அழித்துவிடாதீர்கள். எத்தனை பிக்சல், எத்தனை கேபி என்பதை அந்தந்த அறிவிப்பில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பிரவுசிங் சென்டரில் செய்கிறீர்களா? கிளம்பும் முன் டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலும் ரீசைக்கிள் பின்னிலும் உங்கள் படங்களை அழித்துவிடுங்கள். பென் டிரைவிலிருந்து டெஸ்க்டாப்பில் போட்ட நகலையும் மறக்க வேண்டாம். ‘இன்காக்னிட்டோ’வில் திறந்திருந்தாலும், டவுன்லோடு செய்த ஃபைல் அங்கேயேதான் இருக்கும்!