வெளியீடும் பிழைச்செய்தியும்: ஷெல் நிரற்சோதனையில் திசைமாற்றம்

போர்டிக்சன் வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய குடும்பத்தவர்க்கு இதனை நான் விளக்க வேண்டியதில்லை. ஒரே மரத்திலிருந்து கிடைப்பனவாயினும், மங்கில் நிறைந்த பாலும் உறைந்துபோன கட்டிப்பாலும் ஒரே வாளியில் சேர்வதில்லை, தனித்தனியே நிறுக்கப்படும். கணினி நிரலொன்று வெளியிடுவனவற்றையும் அவ்வாறே பிரித்து வைத்தல் வேண்டும். தவறினால், நிரலைச் சோதிக்க நாம் எழுதும் சோதனையே பொய்ச்சான்று கூறும்.

ஆணைகளை எழுத்து வடிவில் பெற்று நிறைவேற்றும் ‘ஷெல்’, ஒவ்வொரு நிரலுக்கும் மூன்று வாயில்களைத் திறந்து வைக்கிறது. 0 என்பது உள்ளீடு. 1 என்பது இயல்பான வெளியீடு. 2 என்பது பிழைச்செய்தி. பின்னவை இரண்டும் வழக்கமாகத் திரையிலேயே வந்து விழுவதால், அவை வேறு வேறு என்பது பலருக்குப் புலப்படுவதில்லை. யூனிக்ஸ் இயங்குதளத்தின் தொடக்கக் காலத்தில் இப்பிரிவு இல்லை. 1970களில் பெல் ஆய்வகத்தில் வெளியீட்டை ஒளியச்சுக்கோப்பு இயந்திரத்துக்கு அனுப்பியபோது, கோப்பைத் திறக்க இயலவில்லை என்னும் செய்தியும் அழகாக அச்சுக்கோக்கப்பட்டுத் தாளில் வந்து நின்றதாம். அதன் பின்னரே பிழைக்கெனத் தனி வாயில் பிறந்தது என்பர்.

திசைமாற்றம் என்பது இவ்வாயில்களை வேறிடம் நோக்கித் திருப்புவதே. ‘> விடை’ எனின், வெளியீடு ‘விடை’ என்னும் கோப்புக்குச் செல்லும். ‘2> பிழை’ எனின், பிழைச்செய்தி ‘பிழை’ என்னும் கோப்புக்குச் செல்லும். ‘2>&1’ எனின், 1 அவ்வேளையில் எங்கு நோக்குகிறதோ அங்கேயே 2உம் செல்லும். ‘அவ்வேளையில்’ என்பதே இங்கு உயிர்நிலை. ‘ஆசிரியர் மாணவனை அழைத்தார்’ என்பதை ‘மாணவனை ஆசிரியர் அழைத்தார்’ என மாற்றினும் தமிழில் பொருள் பிறழாது. ‘ஐ’ உருபு காத்து நிற்கும். ஷெல்லுக்கு வேற்றுமை உருபில்லை, முறைவைப்பே பொருள். ‘> விடை 2>&1’ எனின் இரண்டும் கோப்பை அடையும். ‘2>&1 > விடை’ எனின், 1 இன்னும் திரையை நோக்கியிருக்கும்போதே 2 அதனைப் பின்பற்றிவிடுகிறது; பின்னர் 1 மட்டுமே கோப்புக்குத் திரும்புகிறது.

சரியான சொல்லை ஏற்றுத் திருப்பித் தரும் சிறு நிரலொன்றை ஒருமுறை எழுதினேன். ‘தமிழ்ப்பள்ளி’ என்று கொடுத்தால் வெளியீட்டில் அச்சொல் இருக்கிறதா என்று பார்ப்பதே சோதனை. அது பல வாரங்கள் வெற்றி என்றே அறிவித்தது. உண்மையில் நிரல் அகராதியைத் திறக்கவே இல்லை. ‘தமிழ்ப்பள்ளி: அகராதியைத் திறக்க இயலவில்லை’ என்று அது முறையிட்டுக்கொண்டிருந்தது. இரு வாயில்களையும் நான் ஒன்றாகத் திரட்டியிருந்தமையால், முறையீட்டினுள் இருந்த சொல்லையே சோதனை விடையாகக் கொண்டது.

ஷெல் நிரல்களைச் சோதிக்கும் ‘பேட்ஸ்’ என்னும் சட்டகத்திலும் இவ்விடர் உண்டு. அதன் ‘ரன்’ என்னும் ஆணை, வேறு குறிப்பு இல்லாதவழி, இரண்டையும் சேர்த்தே தரும். பிழையைத் தனியே பெறும் வசதி 1.5ஆம் பதிப்பில்தான் வந்தது. சட்டகம் எதுவாயினும் மூன்றைப் பார்த்தல் நன்று: வெளியீட்டில் எதிர்பார்த்தது மட்டுமே உளதா, பிழைக்கோப்பு வெறுமையாக உளதா, நிரல் முடிவில் தந்த எண் 0 தானா. முதலாவதை ‘உளதா’ என்று தேடாமல் முழுமையாக ஒப்பிடுக.

அவ்வாறு திருத்திய அன்றே என் சோதனை தோற்றது. காரணம் காண நெடுநேரம் ஆகவில்லை. அகராதிக் கோப்பின் பெயர் ‘தமிழ்ச்சொல்’. நிரலில் நான் எழுதியிருந்தது ‘தமிழ்சொல்’.