பத்து ஓட்டங்களின் துயரம்

2024-ஆம் ஆண்டு மே 18-ஆம் நாள் சனிக்கிழமை. மறுநாள் தூய ஆவியாரின் பெருவிழா. அன்றிரவு நம் இல்லங்கள் பலவற்றில் விளக்கு அணைய நள்ளிரவு ஆயிற்று. விழிப்புச் செபத்திற்காக அல்ல. பெங்களூரு சின்னசாமி அரங்கில் நடைபெற்ற கிரிக்கெட் ஆட்டத்திற்காக. காலைத் திருப்பலிக்கு வந்த இளைஞர்களின் முகங்களைக் கண்டபோதே முடிவு இன்னதென நமக்கு விளங்கிவிட்டது.

கொல்லிமலையின் பதினான்கு நாடுகளுள் ஒன்றாகிய நம் வாழவந்தி நாட்டிலிருந்து சமவெளிக்கு இறங்கவே எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டும். பெங்களூரின் அத்தோல்வியோ எழுபது வளைவுகளையும் நொடிப்பொழுதில் ஏறி வந்து நம் வீடுகளுக்குள் புகுந்துகொண்டது. ஒருவன் இரவுச் சோற்றைத் தொடவில்லை. ஒருவன் தம்பியை அடித்தான். ஒருவன் இரண்டு நாள் எவரோடும் பேசவில்லை. "அவன் தோற்றால் உனக்கு என்னடா போயிற்று?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்டனர். கேள்வி நியாயமானதுதான். ஆனால் விடையை எதிர்பார்த்துக் கேட்கப்பட்ட கேள்வி அன்று அது. ஆகவே விடையை நாம் சிறிது தேடிப் பார்க்கலாம்.

முதலில் நடந்தது என்னவென்று, ஆட்டம் அறியாத தாய்மார்களும் விளங்கிக்கொள்ளுமாறு சொல்வோம். பத்து அணிகள் மோதும் ஐ.பி.எல். போட்டியில் முதல் நான்கு இடங்களைப் பெறுவோரே பிளே-ஆப் எனும் முடிவுச் சுற்றுக்குச் செல்வர். மூன்று இடங்கள் நிரம்பிவிட்டன. நான்காவது இடத்திற்குச் சென்னையும் பெங்களூருவும் தத்தம் கடைசி ஆட்டத்தில் நேருக்கு நேர் நின்றன. சென்னை முந்தைய ஆண்டின் வாகையர். அதுவரை ஐந்து முறை கோப்பை வென்றவர்கள். பெங்களூருவோ அவ்வாண்டு முதல் எட்டு ஆட்டங்களில் ஏழில் தோற்று, எல்லாராலும் கைவிடப்பட்டு, பின்னர் தொடர்ந்து ஐந்தில் வென்று வந்திருந்தது.

பெங்களூரு 218 ஓட்டங்கள் எடுத்தது. சென்னை வெல்ல வேண்டுமாயின் 219 வேண்டும். ஆனால் முடிவுச் சுற்றுக்குள் நுழைய 201 போதும். இங்கேதான் கணக்கு நுழைகிறது. தோற்றால் இரு அணிகளுக்கும் சமமாக 14 புள்ளிகள். புள்ளிகள் சமமானால், ஓர் அணி பருவம் முழுவதும் ஓவருக்குச் சராசரியாக எடுத்த ஓட்டங்களிலிருந்து, எதிரணிகளுக்கு ஓவருக்குக் கொடுத்த ஓட்டங்களைக் கழித்து, மிகுதி யாருக்கு அதிகமோ அவரே முந்தியவர் என்பது விதி. ஆகவே 17 ஓட்டங்களுக்குள் தோற்றால் சென்னைக்கு அது வெற்றிக்கு ஒப்பு! குருமடத்தில் தர்க்கநூல் பயின்ற நமக்கே இது பிடிபடச் சற்று நேரமாயிற்று. நம் பீடச்சிறுவன் ஒருவன் விரல்விட்டு எண்ணி விளக்கினான். கணக்குத் தேர்வில் அவனுக்கு இவ்வளவு தெளிவு இருந்ததில்லை என்பதையும் இங்கே சொல்லிவைக்கலாம்.

கடைசி ஓவர் தொடங்கியபோது அந்த 201-ஐ எட்ட 17 ஓட்டங்கள் தேவை. பந்து வீச வந்தவர் யாஷ் தயாள். ஓராண்டுக்கு முன், 2023 ஏப்ரலில், வேறோர் அணிக்காகக் கடைசி ஓவர் வீசித் தொடர்ச்சியாக ஐந்து சிக்சர்கள் வாங்கியவர் அவர். முதல் பந்தையே தோனி அரங்கின் கூரைக்கும் அப்பால் அனுப்பினார். அடுத்த பந்தில் பிடி கொடுத்து வெளியேறினார். மூன்றாம் பந்தில் ஓட்டமில்லை, நான்காவதில் ஒன்று. இரண்டு பந்துகள், பத்து ஓட்டங்கள். எதிரே நின்றவர் ஜடேஜா.

அன்பர்களே, அந்த இடத்தை நாம் சற்று நின்று நோக்க வேண்டும். 2023-ஆம் ஆண்டின் இறுதிப் போட்டியில், அகமதாபாத்தில், இதே ஜடேஜாவுக்கு இதே இரண்டு பந்துகளில் இதே பத்து ஓட்டங்கள் தேவைப்பட்டன. ஒரு சிக்சரும் ஒரு நான்கும் அடித்துக் கோப்பையை வென்று தந்தார். ஆகவே 2024-இல் தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருந்த பிள்ளைகள் நம்பியது மூடநம்பிக்கை அன்று. ஓராண்டுக்கு முன் கண்ணாரக் கண்டது. இம்முறை இரு பந்துகளும் மட்டையில் படாமலே போயின. சென்னை 191. தோல்வி 27 ஓட்டங்களில். துயரமோ பத்து ஓட்டங்களில்.

பெங்களூரு வீரர்கள் களிப்பில் திளைத்திருக்க, கை குலுக்கக் காத்திருந்த தோனி உள்ளே திரும்பிவிட்டார். எவர் மரியாதை தவறினார் என்று நாடெங்கும் ஒரு வழக்கே நடந்தது. அவருக்கு அப்போது வயது 42. இதுவே கடைசியோ என்ற அச்சம் வேறு. (அவர் அடுத்த ஆண்டும் வந்தார்.)

இனிப் பெரியவர்களின் கேள்விக்கு வருவோம். அவர்களுடைய வாதம் வலியது. தோனி ராஞ்சிக்காரர், ஜடேஜா குசராத்தியர், தலைவர் ருதுராஜ் புனேயைச் சேர்ந்தவர், அன்று சென்னைக்காக மிகுதியான ஓட்டங்கள் எடுத்த ரச்சின் ரவீந்திரா நியூசிலாந்து நாட்டினர். சென்னையில் பிறந்த தினேஷ் கார்த்திக்கோ எதிரணியான பெங்களூருவுக்கு ஆடினார்! ஏலத்தில் எடுத்த வீரர்களுக்கு நம் பிள்ளை ஏன் கண்ணீர் விட வேண்டும்?

ஆனால் மனிதன் கண்ணீர் விடுவது ஊர்ப் பதிவேட்டைப் பார்த்தன்று. இரண்டு மாதங்கள் மாலைதோறும் ஒரே வீட்டார், ஒரே திண்ணையில், ஒரே முடிவை எதிர்நோக்கி அமர்ந்திருக்கின்றனர். மிளகு விலையும் பள்ளிக் கட்டணமும் மறந்திருக்கும் இரண்டு மாதங்கள் அவை. தந்தையோடு பேச வேறு பொருளற்ற மகனுக்கு அது ஒரு பாலம். பருவத்தின் தொடக்கத்தில் தோற்றால் 'அடுத்த ஆட்டம் உண்டு' எனலாம். கடைசியில், வாயிலருகே வந்து தோற்றால், அந்த மாலைகளும் சேர்ந்தே முடிந்துபோகின்றன. பிள்ளை அழுவது அதற்கும்தான். எனவே எள்ளி நகையாடுவதை நாம் ஏற்பதற்கில்லை. ஒரு தம்ளர் பால் கொடுத்து, மறுநாள் பேசிக்கொள்ளலாம்.

எள்ளலாகாது என்பதால் எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம் என்பதன்று. 2020 அக்டோபரில் கொல்கத்தாவிடம் சென்னை தோற்றபின், தோனியின் ஐந்து வயது மகளை இழிவுபடுத்தி, எழுதக் கூசும் மிரட்டல்கள் சமூக வலைத்தளத்தில் இடப்பட்டன. காவல்துறையினர் தேடிப் பிடித்தது யாரை? குசராத்தின் கச்சுப் பகுதியில் பள்ளியில் படிக்கும் 16 வயதுச் சிறுவனை. பெற்றோர் உறங்கிய வீட்டில், கையடக்கமான ஒரு கருவியில், ஒரு சிறுவன் இவ்வளவும் செய்துவிட முடிகிறது என்பதே நம்மை உறங்கவிடாத செய்தி. 1994-இல் உலகக் கால்பந்துப் போட்டியில் தன் வலைக்குள்ளேயே பந்தைத் தட்டிவிட்ட கொலம்பிய வீரர் ஆந்த்ரே எஸ்கோபார், பத்து நாட்களில் சொந்த ஊரான மெதெயீனில் சுட்டுக் கொல்லப்பட்டார். வெற்றியும் சளைத்ததன்று: 2025 சூன் 4 அன்று, பெங்களூரு முதன்முறை கோப்பை வென்ற மறுநாள், அதே சின்னசாமி அரங்கின் வாயில்களில் நெரிசலில் 11 பேர் மாண்டனர்.

பணமும் இதில் கலந்திருந்தது. கற்பனை அணி அமைத்துப் பணம் கட்டிய பிள்ளைகளின் துயரம் வேறு வகையது. அதில் அணியின்மீது அன்பு பாதி, போன பணத்தின்மீது ஏக்கம் பாதி. பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டமியற்றித் தடைசெய்தது. நன்று என்றே நாம் கருதுகிறோம்.

தோல்வியைத் தாங்கும் முறையை நம் மாநிலம் பிறரிடம் கற்க வேண்டியதில்லை. 1996 மார்ச்சு 13 அன்று கொல்கத்தா ஈடன் தோட்டத்தில், உலகக் கோப்பை அரையிறுதியில் இலங்கையிடம் இந்தியா சரிந்தபோது, மக்கள் புட்டிகளை வீசினர், இருக்கைகளுக்குத் தீயிட்டனர். ஆட்டம் நிறுத்தப்பட்டு இலங்கைக்கே வெற்றி அளிக்கப்பட்டது. மூன்றாண்டுகளுக்குள், 1999 சனவரி 31 அன்று, சேப்பாக்கத்தில் பாகிஸ்தானுடன் டெஸ்ட் ஆட்டம். 271 இலக்கு. முதுகுவலியோடு 136 ஓட்டங்கள் எடுத்த டெண்டுல்கர் வெளியேறியபோது 17 ஓட்டங்களே தேவை. கையில் மூன்று விக்கெட்டுகள் இருந்தன. நான்கே ஓட்டங்களில் எல்லாம் முடிந்தது. 12 ஓட்டங்களில் தோல்வி. அரங்கம் முதலில் உறைந்தது. பின்னர் எழுந்து நின்று கைதட்டிற்று. பாகிஸ்தான் வீரர்கள் அரங்கைச் சுற்றி வலம் வந்தனர். சென்னை மக்கள் கைதட்டி வாழ்த்தினர். சிறந்த ஆட்டக்காரர் பரிசு டெண்டுல்கருக்கே. பெற்றுக்கொள்ள அவரால் வெளியே வர முடியவில்லை. கைதட்டியவர்களுக்கும் கண்கள் ஈரமாகத்தான் இருந்திருக்கும். கைதட்டுவதற்குத் துயரம் இல்லாதிருக்க வேண்டும் என்பதில்லை.

நம் மலையில் இதற்கு இன்னும் பழைய சான்றுண்டு. செம்மேட்டில் வில்லேந்தி நிற்பவன் வல்வில் ஓரி. ஆடித் திங்களில் அரசே அவனுக்கு விழா எடுக்கிறது. விழாவுக்குச் செல்லும் பிள்ளைகளுக்கு அவனது வில்லாற்றலும் கொடையும் சொல்லித் தரப்படுகின்றன. முடிவு சொல்லப்படுவது குறைவு. திருக்கோவலூர் மலையமான் திருமுடிக்காரி போரில் ஓரியைக் கொன்று, கொல்லிமலையைச் சேரனுக்கு ஈந்தான் என்பது சங்கப் பாடல்கள் மறைக்காத செய்தி. மலை கைமாறிற்று, ஆயினும் இம்மலையார் விழா எடுப்பது வென்ற காரிக்கன்று.

சென்னையை வீழ்த்திய பெங்களூரு நான்கே நாட்களில் இராசத்தானிடம் வீழ்ந்தது. இறுதிப் போட்டி மே 26 அன்று நடந்தது எங்கே? சேப்பாக்கத்தில்! சொந்த வீட்டுத் திருமணத்தை வெளியே நின்று பார்ப்பதுபோல் சென்னை பார்த்தது. ஐதராபாத்து அணி 113 ஓட்டங்களில் சுருண்டு கொல்கத்தாவிடம் தோற்றது. அத்தோற்ற அணியில் ஒருவர் நம் பக்கத்து மாவட்டமான சேலத்தின் சின்னப்பம்பட்டியில் எளிய குடும்பத்தில் பிறந்து வளர்ந்த நடராசன். நம் இளைஞர்களிடம் அதைச் சொன்னோம். 'ஆமாம் சாமி, பாவம்' என்றனர். முகத்தில் பாவம் அவ்வளவாக இல்லை.

2025-இல் சென்னை 14 ஆட்டங்களில் நான்கில் மட்டுமே வென்று, தன் வரலாற்றில் முதன்முறையாகக் கடைசி இடத்தில் நின்றது. ஏப்ரல் முடியுமுன்னரே வாய்ப்பு போய்விட்டது. அவ்வாண்டு எவரும் சோறு உண்ணாதிருந்ததாக நாம் கேள்விப்படவில்லை. இதைவிடப் பெரிய தோல்வி உண்டோ, ஏன் வருந்தவில்லை என்று ஒருவனைக் கேட்டோம். அவன் சிறிது யோசித்தான்.

"இது போனா போகுது சாமி. அந்த ரெண்டு பந்துதான்..." என்றான்.