பாரவண்டிகளின் காற்றுத் தடை

மண்டபத்திலிருந்து இராமேசுவரம் செல்லும் சாலை பாம்பன் கால்வாயைக் கடக்குமிடத்தில், 1988-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற பெரும்பாலம் கடல்மீது உயர்ந்து நிற்பதை நம்மிற் பலர் கண்டிருப்பர். கீழே படகுகள் செல்லவேண்டியிருத்தலின், அது நடுவில் மேடாகவும் இருபுறமும் சரிவாகவும் அமைந்துள்ளது. சென்ற கோடை விடுமுறையில் ஒருநாள் விடியற்காலை, அப்பாலத்திற்கு இப்பால் மண்டபத்துச் சாலையோரத்தில் பேருந்துக்காகக் காத்திருந்தேன். எனக்கெதிரே இரும்புப் பாரம் ஏற்றிய நீண்ட டிரைலர் லாரி ஒன்று நின்றது. ஓட்டுநர் யந்திரத்தை முடுக்கினார்; ஆயின் வண்டி நகரவில்லை. சில நிமிடங்கள் கழிந்தன. அவரோ சிறிதும் கவலையின்றி அமர்ந்திருந்தார்.

"அண்ணே, வண்டி பழுதாகிவிட்டதா?" என்று வினவினேன்.

"பழுதொன்றுமில்லை, தம்பி, காற்று ஏறவேண்டும்" என்றார்.

"சக்கரங்களில் காற்று இருக்கின்றதே!"

அவர் நகைத்துத் தமக்கு முன்னிருந்த கடிகாரம் போன்ற கருவியின் முள்ளைச் சுட்டிக்காட்டி, "சக்கரத்துக்கு அன்று, பிரேக்குக்கு. காற்று ஏறாமல் வண்டி நம்மை விடாது" என்றார்.

அச்சொல் எனக்குப் பெரும் வியப்பை அளித்தது. காற்றே பிரேக்கை அழுத்துகின்றது, ஆகவே காற்றுப் போய்விட்டால் பிரேக்கும் போய்விடும் என்றே யான் அதுவரை எண்ணியிருந்தேன். என்னைப்போல் எண்ணுவோர் பலர் இருப்பராதலின், இதன் உண்மையை விளக்க முற்படுகின்றேன்.

சிறு மோட்டார் வண்டிகளில், காலால் மிதிக்கும் அழுத்தம் எண்ணெய் வழியே சக்கரங்களுக்குச் செல்கின்றது. பெரும்பாரத்தை நிறுத்த அவ்வழி போதாது. அன்றியும், டிரைலரை முன்வண்டியினின்று அடிக்கடி கழற்றவும் பூட்டவும் வேண்டும். ஒவ்வொரு முறையும் எண்ணெய் சிந்தும், குழாயினுள் காற்றுக்குமிழி புகும், பிரேக்கு கெடும். காற்றுக்கோ இத்தொல்லையில்லை. சிந்தியது சிந்திப் போகட்டும். வானம் முழுதும் அதுவே நிறைந்துள்ளது.

யந்திரத்தோடு சுழலும் காற்றழுத்தி வெளிக்காற்றை இழுத்து நெருக்கி, வண்டியின் அடியிலுள்ள இரும்புத் தொட்டிகளில் அடைக்கின்றது. சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 8 கிலோ அழுத்தம் வந்ததும் ஒரு வால்வு மேலும் ஏறவொட்டாது தடுக்கும். ஓட்டுநர் மிதிக்கும்போது அவருடைய கால் செய்வது கதவைத் திறப்பது மட்டுமே, உழைப்பது காற்று. அது சக்கரத்தருகேயுள்ள வட்டப்பெட்டியிற் புகுந்து, அதனுள்ளிருக்கும் ரப்பர்த் தகட்டைத் தள்ளும். தகட்டின் பரப்பு 190 சதுர சென்டிமீட்டர், அழுத்தம் 6 கிலோ எனக் கொண்டால், தள்ளும் விசை 1,140 கிலோ ஆகின்றது! அவ்விசை ஒரு தண்டின் வழியே சென்று, சுழலும் டிரம்மின் உட்புறத்தில் பிரேக்குக் கட்டைகளை அழுத்துகின்றது.

இம்மட்டில் யான் எண்ணியது சரியே. ஆயின் முன்வண்டியின் பின்சக்கரப் பெட்டிகளில் மற்றோர் அறையும் உண்டு. அதனுள் வலிய சுருள்வில் ஒன்று அடங்கியிருக்கும். அதன் இயல்பு எப்பொழுதும் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இருத்தல். தொட்டிக் காற்று அதனை எதிர்த்து அமுக்கிவைத்தாலன்றிச் சக்கரம் சுழலாது. ஏறக்குறைய 5 கிலோ அழுத்தம் வந்த பின்னரே வில் முற்றும் விலகும். ஓட்டுநர் காத்திருந்த காரணம் இதுவே. குழாய் வெடித்துத் தொட்டி வெறுமையாகிவிட்டால், வில் தானே விரிந்து வண்டியை நிறுத்திவிடும்.

பின்வண்டியின் செய்தி இன்னும் நுட்பமானது. முன்வண்டியிலிருந்து அதற்கு இரண்டு குழாய்கள் செல்லும். இரண்டு உள்ளங்கைகள் பற்றிக்கொண்டாற்போல் அவற்றின் முனைகள் பிணையும். சிவப்புக் குழாய் எப்பொழுதும் காற்றை அனுப்பிப் பின்வண்டியின் சொந்தத் தொட்டியை நிரப்பும். மற்றொன்று, ஓட்டுநர் மிதித்தார் என்னும் செய்தியை மட்டுமே கொண்டுசெல்லும். பிரேக்கிற்கு வேண்டிய காற்று முழுவதும் முன்வண்டியிலிருந்தே வருவதாயின், நெடுந்தொலைவு ஓடிச்சேரக் காலதாமதமாகும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில், அரை நொடிக்குள் வண்டி 8 மீட்டர் சென்றுவிடுமன்றோ! அதற்குள் முன்வண்டி மட்டும் நிற்க முயன்றால், பின்வண்டி முதுகில் மோதித் தள்ளி, இரண்டும் பேனாக்கத்தி மடிவதுபோல் மடிந்து சாலையை அடைத்துக்கொள்ளும். ஆதலின் செய்தி வந்தவுடன் பின்வண்டி அருகிலுள்ள தன் தொட்டிக் காற்றைக்கொண்டே தன்னை நிறுத்திக்கொள்கின்றது. சிவப்புக் குழாய் அறுந்து அழுத்தம் வீழ்ந்தாலோ, ஒருவரும் மிதியாமலே அவ்விடத்து வால்வு தொட்டிக் காற்றைப் பிரேக்கிற் செலுத்தும்.

இவ்வுபாயம் இருப்புப்பாதையில் தோன்றியது. அமெரிக்கராகிய ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869-இல் முதலில் அமைத்த தடையில், யந்திரத்திலிருந்து காற்றை அனுப்பினால்தான் பெட்டிகளின் பிரேக்கு பிடிக்கும். குழாய் அறுந்தால் எல்லாம் வீண். 1872-இல் அவர் ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தொட்டி வைத்து, குழாயின் அழுத்தம் குறைவதையே கட்டளையாக மாற்றினார். தொடர் இரண்டாக அறுந்தாலும் இரு பகுதிகளும் தாமே நிற்கும். நம் பாம்பன் இருப்புப்பாதைப் பாலத்தின்மீது 1914 முதல் ஓடிய மீட்டர் கேஜ் வண்டிகளில் நெடுங்காலம் வழங்கியது இதன் உறவினதாகிய வெற்றிடத் தடை. அதிற் குழாயினின்று காற்றை உறிஞ்சி வைத்திருப்பர். காற்று உட்புகுந்தால் வண்டி நிற்கும். வெளிக்காற்றின் அழுத்தமே அதன் முழு வலிமையாதலின், சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோவிற்கு மேல் அதனாற் பெற இயலாது. காற்றுத் தடைத் தொடர்களின் குழாயிலோ 5 கிலோ இருக்கும். இராமேசுவரப் பாதை 2007-இல் அகலப்பாதையாயிற்று.

இத்துணைக் காவல் இருந்தும் அதனைக் குலைப்பவர் மனிதரே. நெருக்கிய காற்றில் ஈரம் நீராகித் தொட்டியின் அடியில் தங்கும். கடற்கரையில் அது மிகுதி. நாடோறும் திறந்துவிடாவிட்டால் காற்றுக்குரிய இடம் சுருங்கும், இரும்பு துருப்பிடிக்கும், வால்வுகள் சிக்கிக்கொள்ளும். இதனினும் கொடியது வேறொன்று. காற்று ஒழுகி வண்டி பூட்டிக்கொண்டால், இழுத்துச் செல்வதற்காகச் சுருள்வில்லை ஒரு நீண்ட திருகினாற் பின்னிழுத்துக் கட்டிவைப்பதுண்டு. பழுது பார்த்த பின்பு அதனை அவிழ்க்க மறந்தால், அல்லது நேரமில்லையென்று அப்படியே ஓட்டினால், அவ்வண்டி காவலற்ற வண்டி. பாலத்துச் சரிவில் குழாய் வெடித்தால் அதன் கதி யாது? சரிவிற் பலமுறை விட்டுவிட்டு மிதிப்பதும் தவறே. ஒவ்வொரு மிதிக்கும் ஓரளவு காற்று வெளியேறும், காற்றழுத்தி ஈடுசெய்ய நேரம் வேண்டும்.

யான் பேசிக்கொண்டிருந்தபோது முள் உரிய இடத்தை அடைந்தது. ஓட்டுநர் குமிழைத் தள்ளவே 'புஸ்' என்ற ஓசை எழுந்தது. உதவியாளர் இறங்கிச் சென்று, டிரைலர் சக்கரங்களுக்கு முட்டாக வைத்திருந்த இரண்டு கருங்கற்களை எடுத்துக்கொண்டு வந்தார். இத்தனை யந்திரம் இருக்கக் கல் எதற்கு என்று கேட்டேன்.

"டிரைலர் பழையது, தம்பி. அதில் வில் இல்லை. தொட்டிக் காற்றுத்தான் பிடித்துக்கொண்டு நிற்கிறது. இரவெல்லாம் கசிந்து அதுவும் போய்விட்டால் யார் பிடிப்பார்?" என்று சொல்லி, கற்களைத் தம் காலடியிற் போட்டுக்கொண்டு ஏறி அமர்ந்தார். வண்டி பாலத்தை நோக்கி மெல்ல நகர்ந்தது.